ஜீப் எத்தனை மணிக்கு?

போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. ஏலக்காய்க்குப் பேர்போன ஊர்தான், ஆனால் டீயில் இஞ்சி தட்டித்தான் போடுவார்கள். ஏலக்காய் கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். விற்கிற விலை அப்படி. மலையிலிருந்து ஆட்களை இறக்கிவிட்டு வந்த ஜீப் டிரைவர் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தார். பல வருடப் பழக்கம். அவர் மகள் பி.ஏ. முடித்துவிட்டாள். மதுரையில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) சேரப் போகிறாளாம், அதிலும் மருத்துவ, மனநலப் பிரிவு. மனுஷனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"ஊசி போட மாட்டாளாம். மருந்து எழுத மாட்டாளாம். அப்புறம் ஆஸ்பத்திரியில இவளுக்கு என்ன சார் சோலி?"

இதே கேள்வியை நன்றாகப் படித்தவர்களும் கேட்டிருக்கிறார்கள், சில டாக்டர்கள் உட்பட. பதிலுக்கு நான் ஒன்று கேட்டேன்.

"நாளைக்கு ஜீப் எத்தனை மணிக்குண்ணே எடுப்பீங்க?"

"அஞ்சரைக்கு. எட்டு மணிக்குக் காட்டுல நிக்கணும்ல."

"திரும்பி வர?"

"வீட்ல கொண்டுபோய் எறக்கிவிட ஆறு, ஆறரை ஆயிரும்."

"கவர்மென்ட் ஆஸ்பத்திரியில ஓ.பி. சீட்டு எப்பத் தருவாங்க?"

"காலையில எட்டுக்கு. மத்தியானத்தோட சாத்திருவாங்க." சொல்லிவிட்டு என்னையே பார்த்தார்.

"இந்த ரெண்டு நேரமும் ஒண்ணோட ஒண்ணு இடிக்குதுல்ல? அதைப் பார்க்கத்தான் உங்க மக படிக்கப் போறா."

அவருக்கு இன்னும் திருப்தியில்லை. சரியென்று ஒரு ஆளை வைத்துச் சொல்லத் தொடங்கினேன்.

அவர் ஜீப்பில் பின்னால் உட்கார்ந்து வருகிற ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ராசிங்காபுரத்துக்காரி, நாற்பது கிலோ இருந்தால் அதிகம். பூப்பாறைப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகிறாள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்கவில்லை. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், சளி எடுத்துப் பார்க்கிறார்கள், காசநோய். டாக்டர் செய்ய வேண்டியதையெல்லாம் சரியாகச் செய்கிறார். ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள் சேர்ந்தது. அவள் எடைக்குத் தினம் மூன்று மாத்திரை. ஒரு பைசா கட்ட வேண்டாம். நோய் தெரிந்தது, மருந்து இருக்கிறது, காசும் கேட்கவில்லை. இதற்கு மேல் என்ன என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு அவள் எழுந்திருக்கிறாள். வெறும் வயிற்றில் மாத்திரை போடச் சொன்னார்கள், போட்டுக்கொள்கிறாள். அஞ்சரைக்கு ஜீப். முந்தல் சோதனைச் சாவடி தாண்டியதும் ஏற்றம், போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு. அந்த மாத்திரை சிலருக்குக் குமட்டும். அந்த வளைவுகளோ மாத்திரையே போடாதவனுக்கும் குமட்டும். ஏழாவது வளைவில் வாந்தி எடுக்கிறாள். மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறாள். பத்து மணிக்குக் காட்டில் ஒதுங்கும்போது சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம் அது, அதனால் ஒரு கெடுதலும் கிடையாது. ஆனால் அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. கூட்டத்தில் சொல்லியிருந்தாலும் காதில் விழுந்திருக்காது. ரத்தம் போகிறது என்று பயந்துவிடுகிறாள். நான்காம் நாள் மாத்திரை பீரோவுக்கு மேலே போய்விடுகிறது.

டிரைவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "வாந்தி எடுக்குறவங்களை முன் சீட்ல மாத்தி உக்கார வைப்பேன் சார். அதுக்கு மேல நாம என்னத்தக் கண்டோம்?"

இப்போது அதே பெண், மாத்திரை வாங்கிய அன்றைக்கு ஒரு சமூகப் பணியாளர் முன்னால் கால்மணி நேரம் உட்கார்ந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணியாளர் நோயைப் பற்றி அதிகம் கேட்க மாட்டார். ஜீப் எத்தனை மணிக்கு என்று கேட்பார். காலையில் என்ன சாப்பிடுவாய், யார் சமைப்பது, வீட்டில் சின்னப்பிள்ளைகள் உண்டா, புருஷன் குடிப்பாரா, வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பெரியுமா என்று கேட்பார். கேட்டுக்கொண்டு டாக்டரிடம் போய், இவள் மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா, மலையேறும் குமட்டலுக்கு ஏதாவது தர முடியுமா என்று பேசுவார். ஆரஞ்சு நிறத்தை முன்கூட்டியே சொல்லிவைப்பார். காசநோயாளிக்கு மத்திய அரசு தருகிற ஊட்டச்சத்துப் பணம் 2018-ல் மாதம் 500 ரூபாயாக ஆரம்பித்து 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆகியிருக்கிறது. மலைக் கூலிக்கு அது சில நாள் வரும்படிதான். அதுவும் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், அவள் கணக்கோ இரண்டு வருடமாகப் பணம் போட்டு எடுக்காமல் முடங்கிக் கிடக்கும். அதை உயிர்ப்பிக்க ஒருநாள் வங்கிக்குப் போக வேண்டும். இன்னொரு நாள் கூலி போகும். எந்த நாளில் போனால் ஒரே நடையில் இரண்டு வேலையும் முடியும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதும் அவர் வேலைதான்.

இன்னொன்று உண்டு, அதுதான் கஷ்டமானது. தார்ப்பாய் இறக்கிய ஜீப்பில் முட்டி முட்டி உட்கார்ந்து போகிற இடத்தில் ஒருத்திக்குக் காசநோய் என்று தெரிந்தால் கங்காணி நாளைக்கு வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போவார். அதனால் அவள் மறைப்பாள். மறைத்தால் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குப் பரிசோதனை நடக்காது. முறையாக மாத்திரை எடுத்தால் சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும் என்பதைக் கங்காணிக்கு யார் புரியவைப்பது? அவள் பேரைச் சொல்லாமல் ஜீப்பில் வருகிற அத்தனை பேரையும் சளிப் பரிசோதனைக்கு எப்படி அழைத்துவருவது? இதற்கெல்லாம் பொறுமையும் சூதும் வேண்டும். நல்ல சூது.

இது ஏதோ புதுக் கருத்து என்று நினைக்க வேண்டாம். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். அதுவரை காசநோய் என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, ஓய்வு, முட்டை, பால். நோயாளிகளில் பாதிப்பேரைச் சானடோரியத்தில் படுக்க வைத்தும், பாதிப்பேரை அவரவர் குடிசை வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது. அரைவயிற்றுச் சாப்பாட்டோடு வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகியிருந்தார்கள். உலகமே காசநோய் மருத்துவத்தை மாற்றிக்கொண்டது அதைப் பார்த்துத்தான். அந்த முடிவுக்குப் பின்னால் ஒரு கூட்டம் இருந்தது: வீடு வீடாகப் போய், சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தட்டி, மிச்ச மாத்திரையை எண்ணி, சிறுநீரைச் சோதித்து வந்தவர்கள். மருந்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், கதவைத் தட்டியவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

"அப்ப இந்தப் படிப்பை ஆரம்பிச்சது நம்மாளா, வெள்ளைக்காரனா?" என்றார்.

வெள்ளைக்காரர்கள்தான், அதுவும் கொஞ்சம் வேடிக்கையான காரணத்துக்காக. 1895-ல் லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் மேரி ஸ்டூவர்ட் என்ற பெண்மணியை வேலைக்கு வைத்தார்கள். வேலை என்னவென்றால், வசதி இருந்தும் ஏழை மாதிரி வந்து இலவச வைத்தியம் பார்த்துக்கொள்கிறவர்களைக் கண்டுபிடிப்பது. அவர் விசாரிக்கப் போன இடத்தில் ஏமாற்றுக்காரர்களைவிட, வைத்தியம் பார்த்தும் சோறில்லாமல் திரும்ப நோயில் விழுகிறவர்களே அதிகம். வேலை அப்படியே திசைமாறிவிட்டது. 1905-ல் பாஸ்டனில் டாக்டர் ரிச்சர்ட் காபட், நோயாளியின் வீடு தெரியாமல் நான் எழுதுகிற மருந்து பாதிதான் வேலை செய்கிறது என்று கண்டு, தன் ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளரை அமர்த்தினார். பம்பாயில் டாடா அறக்கட்டளை 1936-ல் சமூகப்பணிக் கல்லூரி தொடங்கியது. 1946-ல் அங்கே ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் முதல் பணியாளர். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் ஒரு கல்லூரி தொடங்கினார். சரித்திரம் அவ்வளவுதான், டிரைவருக்கும் அதற்கு மேல் அக்கறையில்லை.

அவர் அக்கறையெல்லாம் காப்பீட்டு அட்டையில். அவர் தம்பி மனைவிக்குப் போன வருடம் ஒரு ஆபரேஷன். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். 2009-ல் தொடங்கிய திட்டம், முன்பு வரம்பு 72,000 ஆக இருந்தது. அட்டை வீட்டில் இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் பேர் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலேயே இருந்தது. கல்யாணமாகி மூன்று வருடமாகியும் மாற்றவில்லை. மாற்றினால் அம்மா வீட்டில் அரிசி குறையும் என்று விட்டுவைத்திருந்தார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகத் தாலுகா ஆபீஸ், வி.ஏ.ஓ., கலெக்டர் ஆபீஸ் என்று ஒன்பது நாள் அலைந்திருக்கிறார். ஒன்பது நாளும் ஜீப் வீட்டில் நின்றது.

பேர் நீக்கல் சான்று எது, வருமானச் சான்று எது, எதை முதலில் வாங்கினால் அடுத்தது சீக்கிரம் கிடைக்கும், அவசர ஆபரேஷனென்றால் என்ன வழி என்று வரிசைப்படுத்திச் சொல்ல ஆள் இருந்தால் அது ஒன்பது நாள் ஆகியிருக்காது. காப்பீட்டு மேசையில் ஆள் இருப்பார். ஆனால் அவர் அட்டை இருக்கிறவர்களுக்கு. அட்டை இல்லாதவன் அந்த மேசைக்கு எப்படிப் போய்ச் சேருவது என்பதுதான் சமூகப் பணியாளரின் கணக்கு.

இந்த மலையில் சிக்கல் இன்னும் ஒரு மடங்கு கூட. போடிமெட்டில் மாநிலம் மாறுகிறது. உடும்பன்சோலை, சாந்தன்பாறைப் பக்கம் தலைமுறையாகக் குடியிருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு ரேஷன் கார்டு கேரளத்தில், அத்தை மாமா போடியில், உடம்புக்கு முடியாவிட்டால் வருவது தேனிக்கு. இங்கே இருந்து போகிறவர்களுக்கு வீடு இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, அவர் எந்த ஊர்க்காரரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும். இதைச் சொன்னதும் டிரைவர் முகம் மாறியது. "அப்ப மெட்டுக்கு இந்தப் பக்கம் கவுந்தா ஒரு கணக்கு, அந்தப் பக்கம் கவுந்தா ஒரு கணக்கா?" ஆமாம். அந்த ராத்திரியில் அந்தக் கணக்கைத் தெரிந்த ஒருவர் கேஷுவாலிட்டி வாசலில் இருந்தால் எவ்வளவு பேருக்கு நகை அடகுக்குப் போகாமல் மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

மேல்சிகிச்சைக்கு மதுரைக்கு எழுதிக்கொடுப்பதும் ஒரு வரிதான், ஆனால் போகிறவனுக்கு அது ஒரு யாத்திரை. 12 வருடத்துக்குப் பிறகு 2023 ஜூனில் போடிக்கு ரயில் திரும்பி வந்தபோது ஊரே கொண்டாடியது. தினசரி வண்டிக்குப் போட்ட நேரம், காலையில் மதுரையிலிருந்து கிளம்பி இங்கே வந்து, சாயங்காலம் இங்கிருந்து மதுரைக்குத் திரும்புகிற நேரம். காலை ஓ.பி.க்கு மதுரை போக வேண்டியவனுக்கு அதனால் என்ன பிரயோசனம்? அகமலைப் பக்கத்துச் சிற்றூர்களில் நோயாளியை டோலி கட்டித்தான் தூக்கி வருகிறார்கள். அவர்களுக்கு 'அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வாங்க' என்பதன் அர்த்தம் நான்கு ஆண்பிள்ளைகளின் இரண்டு நாள் கூலி.

வீடு தேடி மருந்து போகிறதே என்பீர்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' உண்மையிலேயே நல்ல திட்டம், ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் ஜீப் கிளம்பிப் போன கிராமத்தில் பகல் பத்து மணிக்கு எந்தக் கதவைத் தட்டுவது? திட்டத்தின் தன்னார்வலர் அதே ஊர்ப் பெண்தான், சாயங்காலம் ஏழு மணிக்கு வா என்று சொல்லி வைத்தால் வருவார். அந்த 'சொல்லி வைப்பது' யார் பொறுப்பு என்பதுதான் எங்கும் எழுதப்படவில்லை. மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், 2008-ல் வந்த கொள்கைக்குப் பிறகு பஞ்சாயத்துதோறும் நர்ஸும் தன்னார்வலர்களுமாகப் படுத்த படுக்கையில் இருப்பவர்களை வீட்டிலேயே போய்ப் பார்க்கிறார்கள். நம் பக்கம் ஆண்டிபட்டியில் ஆரோக்கிய அகம் போன்ற அமைப்புகள் தொழுநோய், காசநோய், எச்.ஐ.வி. என்று பல பத்தாண்டுகளாக இந்த வேலையைச் செய்துகாட்டியிருக்கின்றன. வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை.

இரண்டாவது டீ வந்தது. மனநலப் பிரிவு என்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரியா என்று கேட்டார், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

எங்கள் பக்கத்தில் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஆஸ்பத்திரியில் தருவதும் மருந்து, ஏலச்செடிக்கு அடிப்பதும் மருந்து. 'மருந்தைக் குடிச்சிட்டா' என்றால் இரண்டாவது. ஏலத்துக்கு அடிக்கடி தெளிக்க வேண்டியிருப்பதால் டப்பா எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சண்டை போட்ட ஒரு ராத்திரியில் ஒருவர் குடித்துவிடுகிறார். வயிற்றைக் கழுவி, ஊசி போட்டு, ஐ.சி.யூ.வில் வைத்து டாக்டர்கள் காப்பாற்றிவிடுகிறார்கள். சில நாளில் டிஸ்சார்ஜ். திரும்பிப் போவது அதே வீடு, அதே கடன், அதே அலமாரி. மனநலச் சமூகப் பணியாளரின் வேலை அந்த டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் தொடங்குகிறது. கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் குடும்பம் வாயே திறக்காது. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொல்கிறது. அதைச் சொல்லி முதலில் அவர்கள் வாயைத் திறக்க வைக்க வேண்டும். பிறகு கடன் யாரிடம், குடி எவ்வளவு, டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

டப்பாவைப் பற்றிய கேள்வி சின்னதாகத் தெரியும். இலங்கையில் 1995 முதல் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்யச் செய்யத் தற்கொலைச் சாவு பெருமளவு குறைந்தது. நம் கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், சென்னையில் 'ஸ்நேகா' அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் குழு ஊர்ப் பொது இடத்தில் பூட்டுப்பெட்டிகள் வைத்து, பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைத்து எடுத்துப்போகும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தது. ஜனங்கள் அதை ஏற்றுக்கொள்ளவும் செய்தார்கள். கோபம் உச்சியில் இருக்கிற அந்தப் பத்து நிமிடத்தைத் தாண்டவைத்தாலே பல உயிர் தப்பும். இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி ஒரு பாரம் இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

"வேலை கெடைக்குமா சார்?" கடைசியில் அப்பா கேள்விக்கு வந்தார்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. சட்டம் இந்தப் பக்கம் அவ்வளவாகத் திரும்பிப் பார்த்ததில்லை. உறுப்பு மாற்று ஆஸ்பத்திரிகளில் ஒருங்கிணைப்பாளர் இருந்தே தீர வேண்டும் என்று 2011-ல் சட்டம் திருத்தினார்கள், அதற்கு எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு. மூளைச்சாவு அடைந்தவரின் மனைவியிடம் உட்கார்ந்து பேசுகிற வேலை அது. சொல்லின் கனம் தெரிந்தவர்தான் செய்ய முடியும். மருத்துவக் கல்லூரிகளில் சமூக மருத்துவத் துறையில் இந்தப் பதவி உண்டு, ஆனால் துறை ஓரிடம், வார்டு ஓரிடம். 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தோட்டத்தில் நல அலுவலர் வேண்டும் என்றது. தேயிலைக் கம்பெனிகளுக்கு அது பொருந்தியது. ஏலத்தோட்டம் பெரும்பாலும் சிறு சிறு துண்டு. இன்றைக்கு ஒரு காடு, நாளைக்கு ஒரு காடு என்று ஜீப்பில் போகிறவர்கள் எந்த முந்நூறிலும் சேர மாட்டார்கள். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் மருத்துவச் சமூகப் பணியாளரையும் மனநலச் சமூகப் பணியாளரையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தொழில் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அரசுத் திட்டங்களில் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை. சில தனியார் ஆஸ்பத்திரிகளில் சமூகப் பணியாளர் என்று பேர் வைத்துவிட்டு, பில் கட்டச் சொல்லிச் சொந்தக்காரர்களிடம் பேச அனுப்புவார்கள். மகளிடம் இதையும் சொல்லுங்கள் என்றேன்.

எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. இதை நாம் ரொம்ப நாளாகத் தர்ம காரியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆஸ்பத்திரிக்கு வெளியே சோறு போடுகிறவர், ரத்தம் ஏற்பாடு செய்கிறவர், ஸ்ட்ரெச்சர் தள்ள உதவுகிறவர், எல்லோரையும் 'சமூக சேவகர்' என்று கும்பிட்டுவிடுகிறோம். கும்பிட வேண்டியவர்கள்தான். ஆனால் அவர் நாளைக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க முடியாது. சம்பளமும் மேசையும் கேஸ் நோட்டும் உள்ள ஒருவரிடம் கேட்கலாம். அந்த ராசிங்காபுரத்துப் பெண் நான்காம் நாள் மாத்திரையை நிறுத்தினால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் வேண்டும்.

டிரைவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தன் ஜீப்பில் ஒரு கிழவி பத்து நாளாக இருமிக்கொண்டு வருகிறாள், யாரிடம் சொல்வது என்று கேட்டார். சளிப் பரிசோதனை எங்கே, எப்போது என்று எழுதிக் கொடுத்தேன். டீக்கு அவரே காசு கொடுத்தார்.

உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு அடுத்த முறை போகும்போது, இங்கே மருத்துவச் சமூகப் பணியாளர் இருக்கிறாரா, எந்த அறை, எத்தனை மணிவரை இருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், எம்.எல்.ஏ.விடம் கொடுக்கிற மனுவில் ஸ்கேன் மெஷினுக்கும் புதுக் கட்டடத்துக்கும் கீழே இதையும் ஒரு வரி எழுதுங்கள். மலை ஜீப் திரும்புகிற நேரத்தில், சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை, அவர் அங்கே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து.